விழுந்தால் வாங்கியது

"நானே ஓட்டிப் பாக்கணும்."

சொல்லிவிட்டாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது இந்த ஒன்றைத்தான். "கலர் கேளு, கண்ணாடி கேளு, கூட ஒரு பூட்டு சும்மா குடுப்பாங்களான்னு கேளு. ஓட்டிப் பாக்கணும்னு மட்டும் வாயத் திறந்துடாத. எல்லாம் மாமா பாத்துக்குவாரு. நீ கம்முனு நின்னா போதும்."

பழைய வண்டிக் கடைக்காரர் ஒரு டயருக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தார். கை நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கும் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்ற மாமாவை, அவள் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கா வண்டி?"

"வீட்டுக்குத்தாண்ணே," என்றார் மாமா அவசரமாக.

"எனக்குத்தான்," என்றாள் அவள்.

"ஆரம்பிச்சுட்டா பாரு டிகிரி," என்று மாமா சிரித்தார்.

அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் அவள். வேதியியலில் பட்டம் வாங்கி வந்த அன்று மாமா வைத்த பேர். அவர் வைத்ததால் நிலைத்துவிட்டது. டிகிரி, தண்ணி கொண்டா. டிகிரி, இந்த மருந்துச் சீட்டுல என்ன எழுதியிருக்கு. டிகிரி, இன்னும் வேலை கிடைக்கலையா, சர்டிபிகேட்டு மாதிரி உன்னையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிடலாமா.

வேலை கிடைத்துவிட்டது, அதுதான் சிக்கல். ஊருக்கு வெளியே பால் ஆலை. அங்கே பரிசோதனைக்கூடத்தில், வந்து இறங்கும் பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கெட்டுப்போகத் தொடங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். அவள் சரி என்றால்தான் லாரியிலிருந்து பால் இறங்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் ஷிப்ட்தான், விடிகாலை நாலு மணிக்கு. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இரண்டு தடவை தாமதமாக வந்தால் மூன்றாவது தடவை கேட்டைத் திறக்க மாட்டோம் என்று நேர்காணலிலேயே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை சேரவேண்டும். இன்று சனி.

அதனால் வண்டி. கூடப் படித்தவள் ஒருத்தியின் வண்டியில், மூடிக் கிடக்கும் ஒரு சரக்குக் கிட்டங்கியின் முன்னால் இருந்த வெட்டவெளியில், விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். உரிமம் வாங்கினாள். ஹெல்மெட் மட்டும் பழையது வாங்கக்கூடாது என்று எங்கோ படித்ததால் அதை மட்டும் புதிதாக வாங்கினாள். வண்டி இல்லாதவள் ஹெல்மெட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தை மொத்தமாக அப்பாவிடம் கொடுத்துவைத்திருந்தாள். அது இப்போது அப்பாவின் சட்டைப்பையில் ஒரு புடைப்பாகத் தெரிந்தது. அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவருடைய நல்ல சட்டையிலும் முழங்கைப் பக்கம் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும்.

கடைக்காரர் மை தோய்ந்த விரலை நீட்டிக் காட்டினார். தகரச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ஓட்டிப் பார்ப்பவர் கவனத்துக்கு. விழுந்தால் வாங்கியது.

"படிச்ச பொண்ணுதானே, படிச்சுக்கோ. ஓட்டிப் பாக்குறேன்னு கீழ போட்டா, போட்டவங்க தலையில வண்டி. பேரம் கிடையாது, நான் பாக்கலைங்கற பேச்சும் கிடையாது. அதான் பொம்பளப் பிள்ளைங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"சரி. அந்தச் சிவப்பு வண்டி."

வண்டிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்றன. ஒவ்வொரு சீட்டிலும் சாக்பீஸில் விலை. கடைசியில் கிடந்தது அந்தச் சிவப்பு. நிறம் வெளுத்த சின்ன வண்டி. போனில் படம் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தது. இன்று பார்க்க வரலாமா என்று பேர் சொல்லாமல் கடைக்குப் போன் பண்ணியும் கேட்டிருந்தாள். சீட் தாழ்வு, எடை குறைவு, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படும். விலையும் அப்பாவின் சட்டைப்பைக்குள் அடங்கும்.

"அதுவா?" மாமா முகத்தைச் சுளித்தார். "அது வண்டியா? தையல் மிஷினுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கு. நீ இப்படி வா, இதைப் பாரு."

அவர் காட்டியது வாசலோரம் தனியாக நின்ற கறுப்பு வண்டியை. பெரிய டாங்க், உயர்ந்த சீட், பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தது. மாமா அதன் கைப்பிடியில் கை வைத்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடையில் சட்டையை எடுத்துப் பார்க்கிறவன் கை வேறு, கொடியில் காயும் தன் சட்டையை எடுக்கிறவன் கை வேறு.

வண்டி விஷயத்தில் அந்தத் தெருவுக்கே மாமாதான் நீதிபதி. பார்சல் கொண்டு கொடுக்கிற வேலை. மூன்று வண்டி மாற்றியவர். மூன்றும் நடுரோட்டில் நின்றவை என்பதை யாரும் பேசுவதில்லை. நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதும் அவர் நடையில் ஒரு நிபுணர்தனம் இருக்கும்.

அவள் நேராகச் சிவப்பு வண்டியிடம் போனாள். குனிந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"சுடுதே."

"வெயிலும்மா," என்றார் கடைக்காரர்.

"நிழல்லதானே நிக்குது. பக்கத்து வண்டி சில்லுனு இருக்கு. நாங்க வர்றதுக்கு முன்னாடி ஓட்டி வெச்சிருக்கீங்க."

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதுதான் என்று அவள் படித்திருந்தாள். சூடான எஞ்சின் யார் மிதித்தாலும் எழும். அதன் யோக்கியதை தெரிவது ஆறிக் கிடக்கும்போதுதான். விடிகாலை நாலு மணி வேலைக்குக் கிளம்பும்போது எந்த எஞ்சினும் சூடாக இருக்கப்போவதில்லை.

"ஆறட்டும். ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

"ஆறட்டுமா?" கடைக்காரர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏங்க, பொண்ணு வண்டி வாங்க வந்திருக்கா, பால் காய்ச்ச வந்திருக்கா?"

"பால் சோதிக்கிற வேலைதான்," என்றார் அப்பா. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார்.

காத்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு ஸ்டூலை மாமாவுக்குப் போட்டார். அப்பா சுவரோரம் குந்தினார். அவள் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றாள். எண்ணெய் குடித்துக் கறுத்த சரளைக்கல் தரை. எங்கோ ஒரு டாங்கிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் வாடை. கடைக்காரர் இரண்டு டயருக்கு மை பூசி முடித்தார். மூன்றாவதில் பொறுமை போய்விட்டது.

"ஏங்க பெரியவரே, இதென்ன கூத்து? எல்லாம் பேசி முடிச்சாச்சு. கறுப்பு வண்டிக்கு மருமகன் போன வாரமே அட்வான்ஸ் குடுத்தாரு. பேர் மாத்தக் கையெழுத்தும் போட்டாரு. இன்னிக்கு மீதியக் குடுத்து எடுத்துட்டுப் போறதுதானே? நடுவுல சிவப்பு எங்கேருந்து வந்தது?"

மாமா ஸ்டூலில் அசைந்து உட்கார்ந்தார். அப்பா தரையில் ஒரு கல்லைப் பார்த்தார்.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. பரிசோதனையில் நிறம் மாறவேண்டிய இடத்தில் நிறம் மாறிவிட்டது, அவ்வளவுதான். கம்முனு நில் என்றது ஏன், ஓட்டிப் பார்க்கணும்னு கேட்காதே என்றது ஏன், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஓட்டப்போகாதவள் எதற்கு ஓட்டிப் பார்க்கவேண்டும்?

"அட்வான்ஸ் யார் காசு?" என்று கேட்டாள்.

"யார் காசா இருந்தா என்ன?" மாமாவின் குரல் உயர்ந்தது. "வீட்டு வண்டி. காலையில உன்னைக் கொண்டு விடுவேன், அப்புறம் என் வேலைக்கு ஓட்டுவேன். பொம்பளப் பிள்ளை இருட்டுல தனியா ஓட்டிட்டுப் போவியா? ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"மாமா, நீங்க எந்திரிக்கிறதே எட்டு மணிக்கு."

"அலாரம் வெச்சா எந்திரிக்கப்போறேன்."

"அக்காவ ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வர்றதுக்கு அலாரம் வெச்சீங்களா?"

பிறந்து சில நாளே ஆன பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா அன்று ஆஸ்பத்திரிப் படியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். வந்தவர் டயர் பஞ்சர் என்றார். என்னவோ அவரே நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருந்த மாதிரி அலுத்துக்கொண்டார். அக்காதான் அவருக்கு விசிறிவிட்டாள்.

அப்பா எழுந்து வந்தார். அவள் முழங்கையைத் தொட்டு வண்டிகளின் அந்தப் பக்கம் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவளும் அங்க வாழணும்மா. வண்டி இல்ல வண்டி இல்லன்னு அவளைப் போட்டுக் குதறுறான். போன மாசம் வந்தாளே, கழுத்துல துண்டப் போத்திக்கிட்டு. சளின்னு சொன்னா. சளியா அது?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? ஒரு வண்டி குடுத்தா கொஞ்ச நாள் அடங்குவான். அது தெரியும்." மஞ்சள் பொட்டு இருந்த முழங்கையைச் சொறிந்தார். "நீ படிச்சவ. உனக்கு இது இல்லேன்னா இன்னொண்ணு. அவளுக்கு என்ன இருக்கு?"

"எனக்கு இன்னொண்ணு எங்கப்பா இருக்கு?"

அவளைப் படிக்கவைத்தபோதும் அப்பாவுக்கு இதே முகம்தான். எவ்வளவு ஆகும் என்று கேட்கத் தெரியாமல், சரி என்று மட்டும் சொல்லத் தெரிந்த முகம். அன்று அந்தச் சரி அவளுக்குக் கிடைத்தது. இன்று மாமாவுக்கு.

கத்தலாம் என்று தோன்றியது. நல்லாக் கத்துவாள், அதில் அவளுக்குப் பேரே உண்டு. ஆனால் இங்கே கத்துகிற ஒவ்வொரு வார்த்தையும் ராத்திரி அக்காவின் முதுகில் போய் விழும். அப்பா அவளை அங்கேதான் கட்டிப்போட்டிருந்தார். தெரிந்தே கட்டினாரா தெரியாமலா என்பதுகூட முக்கியமில்லை, முடிச்சு இறுகிவிட்டது.

போனை எடுத்தாள். அதே ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி நேற்று அனுப்பிய செய்தி இன்னும் கிடந்தது. ஆலைக்குப் பின்னால் ஒரு அறை. ஆறு பேர், மூன்று கட்டில். ராத்திரி ஷிப்ட் போகிறவள் பகலில் படுப்பாள், பகல் ஷிப்ட் போகிறவள் அதே கட்டிலில் ராத்திரி படுப்பாள். ஒரு பாதிக் கட்டில் காலியாக இருக்கிறது, வர்றியா? சம்பளத்தில் பாதி அதற்கே போகும். சூடு ஆறாத படுக்கையில் போய் விழவேண்டும். அந்த மாதிரி அறைக்குப் போனால் திரும்ப இந்த வாசப்படி மிதிக்கிற வேலை வைத்துக்கொள்ளாதே என்று அம்மா நேற்றே சொல்லிவிட்டாள். வண்டி வருது, வேண்டாம் என்று பதில் எழுதலாமென்று இருந்தாள்.

வர்றேன் என்று எழுதி அனுப்பினாள்.

"ஆறிடுச்சு," என்றார் கடைக்காரர், சிவப்பு வண்டியைத் தட்டி. "வா, உன் ஆசையக் கெடுப்பானேன்."

மிதித்தார். ஒன்றும் இல்லை. சோக்கை இழுத்து மிதித்தார். இருமியது, அடங்கியது. மறுபடி, மறுபடி. கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் பிடித்துக்கொண்டபோது சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பித் தகரக் கூரைவரை போனது. நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெயைத் தின்கிறது என்று அவளுக்குத் தெரியும். எஞ்சினையே பிரித்துப் போடவேண்டும். அதற்கு இந்த வண்டியின் விலையே ஆகும்.

"இந்த விலைக்கு வர்ற வண்டி எல்லாம் இப்படித்தாம்மா," என்றார் கடைக்காரர். இந்தத் தடவை அவர் கிண்டல் பண்ணவில்லை. "நல்ல வண்டி வேணும்னா நல்ல விலை. அதை யாரும் மாத்த முடியாது."

அவள் வரிசை முழுவதையும் பார்த்தாள். மை பூசின டயர்கள், மெழுகு தேய்த்த டாங்குகள். அவள் கால் எட்டுகிற ஒவ்வொன்றுக்குள்ளும் இதே நீலப் புகைதான்; கறுப்புக்கு அவள் உயரம் போதாது. ஆக, மாமா இல்லாவிட்டாலும் இதுதான். அப்பா வேறு அப்பாவாக இருந்திருந்தாலும், பணம் அவள் கையிலேயே இருந்திருந்தாலும், அவள் தன் படிப்பையெல்லாம் திரட்டி இந்தச் சிவப்பைத்தான் வாங்கியிருப்பாள். புதன்கிழமையோ வியாழக்கிழமையோ இருட்டு ரோட்டில் இதைத் தள்ளிக்கொண்டு நின்றிருப்பாள்.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். "நான் அப்பவே சொல்லல? தையல் மிஷின்."

"சரி," என்றாள். "அப்ப கறுப்பு வண்டிய ஓட்டிப் பாக்குறேன்."

"அது எதுக்கு? அதான் எடுத்தாச்சே."

"என் காசுல எடுத்த வண்டி. ஒரு சுத்து."

"உனக்குக் கால் எட்டாது டிகிரி."

"ஒரு சுத்து ஓட்டட்டும் மாப்பிள்ளை," என்றார் அப்பா. மருமகனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அன்று முழுவதும் அவர் அவளுக்காகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஹெல்மெட்டை மாட்டினாள். வார் மொடமொடவென்று இருந்தது. வண்டிமேல் ஏறியபோது பாதம் எட்டவில்லை, பெருவிரல்கள் மட்டும் சரளையைத் தொட்டன. கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி நகர்ந்தது. வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறியது.

இரண்டாவது கியர். மூன்றாவது. அது நல்ல வண்டிதான், அதைச் சொல்லவேண்டும். கேட்டதும் இழுத்தது, நடுக்கமில்லை, சத்தம் அடிவயிற்றிலிருந்து ஒரே சீராக வந்தது. ரோட்டோர மரங்கள் பின்னால் போயின. இப்படியே பிடித்தால் பால் ஆலை. இப்படியே பிடித்தால் எங்கு வேண்டுமானாலும். வெறிச்சென்ற ரோட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சிரிப்பு அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. நேராகப் போய்விடலாம் என்று நினைத்தாள். அப்படிப் போனால் ராத்திரி அக்காவுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அதே மூச்சில் நினைத்தாள். வண்டியைத் திருப்பினாள்.

கடை வாசலில் வேகத்தைக் குறைத்து உள்ளே வளைத்தாள். மாமா குறுக்கே வந்து நின்று கையைக் காட்டினார், இங்க நிறுத்து, இங்க. கைப்பிடி வளைந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதே என்று நூறு தடவை படித்திருக்கிறாள். தொட்டாள். முன்சக்கரம் சரளையில் மடங்கியது. காலை ஊன்றினாள், தரை அங்கே இல்லை, ஒரு விரற்கடை கீழே இருந்தது. வண்டி அவளையும் எடுத்துக்கொண்டு சாய்ந்தது. ஹெல்மெட் கல்லில் டக்கென்று இடித்தது.

மாமா ஓடிவந்தார். வண்டியைத் தூக்கினார். நிமிர்த்தி, குனிந்து, டாங்கில் விழுந்த கீறலைக் கட்டைவிரலால் தடவினார். வளைந்துபோன கிளட்ச் பிடியை ஆட்டிப் பார்த்தார்.

"ஐயோ, புது வண்டி மாதிரி இருந்துச்சே."

அவள் தானே எழுந்தாள். முழங்காலில் பேன்ட் கிழிந்திருந்தது. அப்பா பாதி தூரம் வந்து, மருமகனுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுவிட்டார். கடைக்காரர் சுவரைக் காட்டவில்லை. காட்டவேண்டிய அவசியமில்லை.

"விழுந்தா வாங்கினதுதானே?" என்றாள் அவள்.

"ஆமா."

"போட்டது நான். என் பேர்ல எழுதுங்க."

கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா கீறலைத் தடவிக்கொண்டே, "அடிபட்டதுல மூளை கலங்கிடுச்சு போல," என்றார்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அது பணத்துக்கான சட்டம்மா. பேருக்கு இல்ல. பேரு ஏற்கெனவே போட்டாச்சு." அப்பாவிடம் கையை நீட்டினார். "இந்தக் கீறலுக்கெல்லாம் இனிமே விலை குறைக்க முடியாது பெரியவரே. மீதியக் குடுங்க."

அப்பா சட்டைப்பைக்குள் கைவிட்டார். அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைப்பாள், இப்படியோ அப்படியோ, என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவள் அசைக்கவில்லை. அப்பா பணத்தை எடுத்துக் கொடுத்தார். புடைப்பு போய் அவர் நெஞ்சு சப்பையாகத் தெரிந்தது.

"டிகிரி, ஏறு. வீட்டுல விட்டுட்டுப் போறேன்," என்றார் மாமா. சாவி அவர் விரலில் சுழன்றது. நல்ல மனநிலையில் இருந்தார். இன்று ராத்திரி அக்கா நிம்மதியாகத் தூங்குவாள். நாளையும் தூங்குவாள். வண்டி முதல் தடவை நிற்கிற நாள் வரைக்கும்.

"இனிமே அக்கா மேல கை வெச்சீங்கன்னு கேள்விப்பட்டேன்னா..." என்று ஆரம்பித்தாள். வந்து என்ன செய்வாள்? பாதிக் கட்டிலிலிருந்து எழுந்து, முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்து வருவாளா? வாக்கியத்தை முடிக்க அவளிடம் எதுவும் இல்லை. மாமாவும் அது தெரிந்தவர் மாதிரிச் சிரித்தார்.

ஒரு தடவை தரையில் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி நம்பக்கூடாது என்று அவள் படித்திருந்தாள். அதன் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு கீறல் ஓடியது. அவள் அதைக் கழற்றவில்லை. முகக்கண்ணாடியை இறக்கிவிட்டாள். வாசலைத் தாண்டி, ரோட்டில் ஏறி, பஸ் நிறுத்தம் இருந்த பக்கமாக நடந்தாள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், வண்டி இல்லாமல் ஹெல்மெட்டோடு நடந்துபோகிறவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

பின்னாலிருந்து அப்பா கூப்பிட்டார். பிறந்தபோது வீட்டில் வைத்த பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். ஹெல்மெட்டுக்குள் அது யாரையோ கூப்பிடுகிற மாதிரிதான் கேட்டது. அவள் நடந்துகொண்டிருந்தாள்.